பயந்து பயந்து ஊசி போட்ட டாக்டரம்மா

“பயமா இருக்கா? எனக்கும்தான் இருக்கு. கொஞ்சம் பொறுங்க.”

மாரண்டஹள்ளியில் எங்கள் தக்காளி மண்டிக்குப் பின்சந்தில் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரம்மா, கையில் ஊசியை எடுத்ததும் யாராக இருந்தாலும் முதலில் சொல்வது இதைத்தான். கேட்டவர்கள் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எங்கள் மண்டியில் மூட்டை தூக்கிய முனியன் ஒருநாள் காய்ச்சலோடு போனவன், போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“ஏண்டா, ஊசி போட்டாச்சா?” என்றேன்.

“இல்லீங்கண்ணா. பஸ்ஸுல ஏறி ஒக்காந்தப்புறம் டிரைவரு திரும்பிப் பாத்து, எனக்கு மலைப்பாதைன்னா பயமுங்கன்னு சொன்னா, நீங்க ஒக்காந்திருப்பீங்களா? எறங்கிட்டேன்.”

மண்டியே சிரித்தது. அவன் நேராகப் போய் அடுத்த தெரு கம்பவுண்டரிடம் போட்டுக்கொண்டான். கம்பவுண்டர் நல்ல மனுஷர், கலகலப்பானவர். பேசிக்கொண்டே இருப்பார், பேச்சு முடிவதற்குள் ஊசி முடிந்திருக்கும். “குத்துனதே தெரியல” என்று ஊரெல்லாம் அவருக்குப் பேர். டாக்டரம்மாவிடம் போனால் குத்துவதற்கு முன்னால் ஒரு பாடு இருக்கிறது.

பாடு என்றால் சும்மா இல்லை. முதலில் குப்புறப் படுக்கச் சொல்வார். அப்புறம் துணியை இறக்கச் சொல்வார். இங்கேதான் சண்டை ஆரம்பம். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் வேட்டி முடிச்சை அவிழ்க்க மாட்டார்கள், கீழேயிருந்து தூக்கிக் காட்டுவார்கள். பொம்பளைகள் பாவாடை நாடாவைத் தொட விடமாட்டார்கள், பக்கவாட்டில் ஒரு கட்டைவிரல் அளவுக்குத் துணியை நகர்த்திவிட்டு “இங்கயே போடுங்கம்மா” என்பார்கள். டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

“துணி எங்க எடம் குடுக்குதோ அங்க ஊசி போட முடியாது. எலும்பு எங்க எடம் குடுக்குதோ அங்கதான் போட முடியும். நாடாவ அவுருங்க, இல்ல மாத்திரை வாங்கிட்டுப் போங்க.”

அவிழ்த்தால், இடுப்பெலும்பின் முனையைக் கட்டைவிரலால் தேடுவார். கிடைத்ததும் கண்ணை மூடிக்கொள்வார். விரலை அங்கேயிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டே வாய்க்குள் “இல்லி... இல்லி...” என்பார். கோலார் பக்கத்துக்காரர், கன்னடம் தாய்மொழி. இங்கே, இங்கே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அது. இடம் தீர்மானமானதும் தீக்குச்சியை வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தில் தொட்டு, தோலில் ஒரு பெருக்கல் குறி. அதற்கப்புறம்தான் ஊசி. எருமைக்குச் சூடு போடுகிற மாதிரி அடையாளம் வைக்கிறாள் என்று வெளியே கேலி பேசுவார்கள். ஆற்றில் குளிக்கும்போது யார் இடுப்பில் ஊதாக் குறி இருக்கிறது என்று பார்த்து, இவன் டாக்டரம்மா ஆள், இவன் கம்பவுண்டர் ஆள் என்று பிரித்துச் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

நான் அவரிடம் அதிகம் பழகியதற்குக் காரணம் தக்காளிதான். சாயந்தரம் மண்டி ஒழிந்ததும், ஒதுக்கிப் போட்ட பழத்தில் நல்லதாகப் பொறுக்கிக்கொள்ள அவரே பையோடு வருவார். பழத்தை அமுக்கிப் பார்க்க மாட்டார். உள்ளங்கையில் வைத்து, விரலை மேலாக ஓட்டி, “இது உள்ள அழுகல்” என்பார். பிளந்தால் அழுகியிருக்கும். “எப்படிங்கம்மா?” என்று கேட்டேன் ஒருமுறை.

“தெரியாது மண்டிக்காரரே. பாதி தடவ தப்பாவும் சொல்வேன். தக்காளின்னா பரவால்ல, இன்னொண்ணு எடுத்துக்கலாம்.”

அப்படி ஒரு சாயந்தரம்தான் முனியனுடைய மகளைப் பார்த்தார். ஐந்து வயதுப் பெண். கூடைகளுக்கு நடுவில் விளையாடிக்கொண்டிருந்தாள். இடது பாதம் தூக்க வராமல், விரல் நுனி தரையில் உரசி உரசி வரும். எங்களுக்கெல்லாம் பார்த்துப் பழகிய நடை. டாக்டரம்மா பையைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சகதியிலேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இது எப்பலேருந்து?”

“பேதில கெடந்துதுங்கம்மா, போன வருஷம்,” என்றான் முனியன். “மாரியாத்தா பார்வ பட்டுடுச்சுன்னு சொல்லி மந்திரிச்சுக்கூட பாத்தோம். காலு வரல.”

“பேதிக்கு ஊசி போட்டாங்களா?”

“கம்பவுண்டரு போட்டாரு.”

“கால் விழுந்தது ஊசிக்கு முன்னயா, பின்னயா?”

முனியன் யோசித்தான். இதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. “போட்ட அன்னிக்கி சாயந்தரமே கால இழுத்துச்சு,” என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது போலிருந்தது. முகம் மாறிவிட்டது.

டாக்டரம்மா அந்தப் பெண்ணின் இடுப்பில் கட்டியிருந்த அரணாக்கயிற்றை விரலில் பிடித்துத் தூக்கினார். எங்கள் ஊரில் கயிறு கட்டாத குழந்தை கிடையாது. கம்பவுண்டர் குழந்தைகளுக்கு ஊசி போடுவது அந்தக் கயிற்றை அடையாளம் வைத்துத்தான். கயிற்றுக்குக் கீழே இரண்டு விரல் விட்டுக் குத்து. எல்லாக் குழந்தைக்கும் கயிறு இருக்கிறது, இடம் தேட வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேகம்.

“கொழுகொழுன்னு இருக்கற புள்ளைக்குக் கயிறு மேல நிக்கும்,” என்றார் டாக்டரம்மா. “பேதில வயிறு ஒட்டிப்போன புள்ளைக்கு?” பிடித்திருந்த கயிற்றை விட்டார். அது வழுக்கி இடுப்பெலும்பைத் தாண்டிக் கீழே இறங்கி நின்றது. “அதுக்கும் கீழ ரெண்டு வெரல்னா, கால் நரம்பு ஓடற எடம்.”

இத்தனை வருஷமாக நாங்கள் எல்லாரும் எங்கள் பிள்ளைகளை மடியில் குப்புறப் போட்டு, கை காலை அமுக்கிப் பிடித்து, அந்தக் கயிற்றுக்குக் கீழே குத்த விட்டிருக்கிறோம். என் மகனுக்கும்தான்.

“அந்தாளு பண்ணுன வேலையா இது?” என்று முனியன் எழுந்தான்.

“ஒக்காருப்பா. அவரப் போயி அடிச்சா கால் வருமா? நானும் ஒரு தடவ தப்பான எடத்துல போட்டிருக்கேன். படிச்சு முடிச்ச புதுசு. ஒரு பொம்பளைக்கு. நாடாவ அவுக்க மாட்டேன்னாங்க, எனக்கும் அவசரம், சரின்னு துணி வெலகின எடத்துல போட்டுட்டேன். அவங்க இன்னும் அப்படித்தான் நடக்கறாங்க. ஊருக்குப் போறப்பல்லாம் பாத்துட்டுத்தான் வர்றேன்.”

அடுத்த வாரமே செருப்புத் தைப்பவரைக் கூப்பிட்டு, பாதம் தொங்காமல் கெண்டைக்காலோடு சேர்த்துப் பிடிக்கிற தோல் பட்டை ஒன்று தைக்கச் சொல்லி, அந்தப் பெண்ணுக்கு மாட்டிவிட்டார். பட்டை போட்டபின் விரல் உரசவில்லை. ஆனால் ஊர் பேசியது பட்டையைப் பற்றி இல்லை. “அந்தம்மாவே ஒருத்தி கால முடமாக்கிட்டு வந்தவளாம். அதான் கன்னட நாட்ட வுட்டுட்டு இங்க வந்து கெடக்கறா.” ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு குறைந்துபோனது.

நான் மனசு பொறுக்காமல் கேட்டேன். “அதை ஏம்மா எல்லாரும் இருக்கறப்ப சொன்னீங்க? யாரு கேட்டா உங்கள?”

“சொல்லாம வெச்சிருந்தா கொஞ்ச நாள்ல எனக்கே மறந்துடும். மறந்தா பயம் போயிடும். பயம் போச்சுன்னா கை தானா வேகம் எடுக்கும் மண்டிக்காரரே. தோலுக்கு அடியில என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அப்ப பயப்படாம இருக்கறவன் யாரு? பைத்தியக்காரன்.”

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நாலு பேரிடம் சொல்லிச் சிரித்துமிருக்கிறேன். அந்தப் பயத்துக்கு அடியில் என் மகனையே கொண்டுபோய்ப் படுக்க வைக்கும் வரை அது எனக்கு வெறும் பேச்சாகத்தான் இருந்தது.

குமாருக்கு அப்போது நாலு வயது முடியவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் மத்தியானம் சோறு ஊட்டப் போன என் மனைவி மாதம்மா, “ஏங்க, இவன் கழுத்து மடங்கல பாருங்க” என்றாள். தலையைத் தூக்கினால் உடம்பே சேர்ந்து தூக்குகிறது, மரக்கட்டை மாதிரி. அள்ளிக்கொண்டு சந்துக்கு ஓடினோம். டாக்டரம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “மூளைக்காய்ச்சல் மாதிரி இருக்கு. தருமபுரிக்குக் கொண்டுபோங்க. அங்க எல்லா வசதியும் இருக்கு. ஓடுங்க” என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனோம். பஸ் நிற்கிறது. படியில் கால் வைக்கும்போது பிள்ளை கையிலேயே வெட்டி வெட்டி இழுத்தான். கண் மேலே சொருகிவிட்டது. வாயில் நுரை. கண்டக்டர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, “இந்த நெலமைல வழியில ஏதாச்சும் ஆனா நாங்க என்னங்க பண்ணுவோம்?” என்றார். அவர் மேல் தப்பில்லை. திரும்ப ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். ஓடும்போது மாதம்மாவின் செருப்பு ஒன்று ரோட்டிலேயே விழுந்துவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா இழுப்பு நிற்க மருந்து கொடுத்தார். நின்றது. நின்றபின் எங்களை உட்கார வைத்துப் பேசினார். பேசும்போது அவர் மேலுதட்டில் வேர்வை நின்றது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“மூளையச் சுத்தி ஒரு தண்ணி இருக்கு. அது முதுகுத்தண்டு வழியா கீழ வரைக்கும் எறங்குது. அதுல சீழ் வெச்சிருக்கா, இல்ல வேற காய்ச்சலான்னு பாத்தாத்தான் எந்த மருந்துன்னு தெரியும். ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. தெரியாம போட்டுப் பாத்துட்டு இருக்க நேரம் இல்ல. முதுகுல ஊசி விட்டுத் தண்ணி எடுக்கணும். பெரிய ஆஸ்பத்திரில வேல பாத்தப்ப எடுத்திருக்கேன். ஆனா ரொம்ப நாளாச்சு. எனக்குப் பயமா இருக்கு. வேணாம்னா, மறுபடி இழுக்காம இருந்தா, கார் ஒண்ணு பிடிச்சு அனுப்பறேன். நீங்கதான் சொல்லணும்.”

முதுகில் ஊசி என்றதும் மாதம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. “கால் போயிடுங்களா?” என்று கேட்டாள். முனியன் மகள் தினமும் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போவாள்.

“சரியான எடத்துல போனா போகாது,” என்றார் டாக்டரம்மா. போகவே போகாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் பிள்ளையைப் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்து கிடந்தது. “எடுங்கம்மா” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தாய் வயிற்றுக்குள் இருந்த மாதிரி தலையும் முழங்காலும் ஒட்ட வளைத்து நான் பிடிக்க வேண்டும். முதுகைத் துடைக்க வந்தவர் நின்றுவிட்டார். இரண்டு இடுப்பெலும்பையும் இணைத்து ஒரு கோடு கற்பனை பண்ணினால் ஊசி போக வேண்டிய இடம் வரும். அந்தக் கோட்டின் மேல்தான் குமாரின் அரணாக்கயிறு. எண்ணெயும் மஞ்சளும் ஊறிக் கறுத்துப்போன தடிக்கயிறு, அதில் தாயத்து, நாய் உருவம் போட்ட நாய்க்காசு, என்னென்னவோ முடிச்சு. மேலே தள்ளினால் வளைக்கும்போது திரும்ப இறங்கியது. டாக்டரம்மா கத்தரிக்கோலை எடுத்தார்.

மாதம்மா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அறுக்காதீங்கம்மா. உங்க கால்ல வுழறேன். கயித்த அறுக்கறது பாடையில வெச்சப்பறந்தான். உசுரு இருக்கற புள்ளைக்கி அறுப்பாங்களா?”

“மாதம்மா, வுடு,” என்றேன். என் அப்பாவுக்கு அறுத்தபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். கத்தரிக்கோல் அந்தக் கயிற்றைத் தொட்டால் என் பிள்ளை செத்துவிடுவான் என்று அந்த நேரத்தில் நானும் நம்பினேன். இப்போது எழுதும்போது லேசாக இருக்கிறது. அப்போது அது நூற்றுக்கு நூறு உண்மை.

டாக்டரம்மா என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். வேறு டாக்டராக இருந்தால் எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார், அதுதான் சரியென்றும் சொல்லலாம். இவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“சரி. அறுக்கல. நீங்களே அவுருங்க. நேரம் இல்ல. ஆனா நடுங்கற கையோட யாரும் இவனப் பிடிக்கக் கூடாது. பிடிக்கறவங்க நடுங்குனா ஊசி எங்க போகும்னு எனக்குத் தெரியாது.”

முடிச்சு கல்லாக இருந்தது. விரலுக்கு வரவில்லை. மாதம்மா குனிந்து பல்லால் கடித்தாள். பிள்ளையின் முதுகில் முகத்தை வைத்து, எலி கயிறு கடிக்கிற மாதிரி, ஈறில் ரத்தம் வர வர இழுத்தாள். அறையில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும்தான். பிள்ளையின் கால் ஒன்று லேசாக வெட்டியது. இன்னொரு இழுப்பு வரப்போகிறதோ என்று டாக்டரம்மா நாடியைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவசரப்படுத்தவில்லை. அவர் நெற்றியில் வழிந்ததை முழங்கையால் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

முடிச்சு விட்டது. மாதம்மா கயிற்றைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

நான் வளைத்துப் பிடித்தேன். டாக்டரம்மா ஊதாக் குறி வைத்தார். நீளமான ஊசி. அதைப் பார்க்கக் கூடாது என்று பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகிற சத்தம் கேட்டதா என்றால், கேட்டது என்றுதான் சொல்வேன். பட்டென்று எங்கோ தட்டி நின்றது.

“எலும்பு,” என்றார். உருவிவிட்டார். “தப்பான எடம். என் தப்பு. இவன் நெளியல, நீங்க நல்லாத்தான் பிடிச்சிருக்கீங்க.”

கோபம் வரும் என்று நினைத்திருப்பீர்கள். வரவில்லை. பயத்தில் ஆள் கோபப்படக்கூட மறந்துவிடுகிறான்.

அவர் குறியை அழித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண் மட்டத்துக்கு முதுகைக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் முதுகெலும்பின் ஒவ்வொரு மொட்டிலும் ஏறி இறங்கியது. ஒரு இடத்தில் நின்றது, விலகியது, மறுபடி அங்கேயே வந்தது. “இல்லி,” என்றார். இந்த முறை ஒரே தரம்தான்.

ஊசி போனது. நின்றது. கொஞ்சம் போனது. உள்ளிருந்த கம்பியை உருவினார். ஒன்றும் வரவில்லை. நான் மாரியாத்தாளைக் கூப்பிடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, மனசு வெறும் பானையாகக் கிடந்தது. அப்புறம் ஊசியின் வாயில் ஒரு சொட்டு தொங்கியது. கண்ணாடிக் குழாயில் விழுந்தது. அடுத்தது. தண்ணீர் மாதிரி தெளிவாக இல்லை. சோறு வடித்த கஞ்சி மாதிரி கலங்கல்.

“சீழ்,” என்றார் டாக்டரம்மா. “என்னன்னு தெரிஞ்சிடுச்சு.” குழாயைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. கண்ணில் மட்டும் நீர் நின்றது.

அப்புறம் ஊசி ஊசியாகப் போனது. காலையும் சாயந்தரமும் இடையிலும். இடுப்பில் போடவே மாட்டேன் என்றுவிட்டார். பிள்ளைக்குச் சதை இல்லை, தொடையின் வெளிப்பக்கத்தில்தான் போட்டார். ஒவ்வொன்றுக்கும் குறி வைத்ததில் இரண்டு தொடையும் ஊதாவாகிவிட்டது. டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே குமார் வீறிடுவான். அவனுக்கு உலகத்தில் பூச்சாண்டி என்றால் அவர் ஒருத்தர்தான். முதலில் கஞ்சி குடித்தான், பிறகு பேசினான், உட்கார்ந்தான். ஆனால் காலை ஊன்றவில்லை.

மருந்தெல்லாம் முடிந்த பிறகும் ஊன்றவில்லை. கட்டிலை விட்டு இறக்கி நிறுத்தினால் வலது கால் மடங்கும், பாதம் தரையில் தொய்ந்து கிடக்கும். மாதம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். முனியன் மகளின் நடைதான் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் ஓடியது.

டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே பார்த்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. வந்து எங்கள் எதிரில் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“படுத்தே கெடந்ததால இருக்கலாம். தொடையில ஊசி போட்ட வலியால இருக்கலாம். என் ஊசியாலயும் இருக்கலாம். என்னாலதான்னா, உங்களுக்கு வேற யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்காது. நான்தான் மொதல்ல சொல்லுவேன்.”

மாதம்மா எழுந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். “வாடா சாமி. வா.”

குமார் சுவரைப் பிடித்தான். விட்டான். ஒரு எட்டு வைத்தான், வலது காலை இழுத்தான். சரிந்து, பிடித்து, மறுபடி ஒரு எட்டு. கடைசியில் அவள் மடியில் போய் விழுந்தான். அவள் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. நடந்துவிட்டான், அதுவே போதும் என்றிருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போதவில்லை. அவர் பிள்ளையின் முகத்தையே பார்க்கவில்லை, பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இழுக்கறான். வலியா, நரம்பான்னு இதுல தெரியல. அம்மாகிட்ட போறதுன்னா எந்தப் புள்ளையும் தவழ்ந்தாச்சும் போயிடும். இங்க திருப்பி நிறுத்துங்க. என்னப் பாக்கட்டும்.”

திருப்பினேன். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்தபடியே, “வா கண்ணு” என்று கையை நீட்டினார். விரலெல்லாம் ஊதாக் கறை.

குமார் அந்தக் கையைப் பார்த்தான். முகம் கோணியது. “ஊசி வேணாம்” என்று ஒரே கத்து. அம்மா மடியைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, சந்தில் இறங்கி, மண்டியைப் பார்த்து ஓடினான். இடது, வலது, இடது, வலது. குதிகால் இரண்டும் பளீர் பளீரென்று மேலே வந்தன. பின்னாலேயே பாய்ந்த என்னை டாக்டரம்மாவின் குரல் நிறுத்தியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்.

“பிடிக்காதீங்க மண்டிக்காரரே. ஓடட்டும். நான் இன்னும் கொஞ்சம் பாக்கணும்.”